அடுப்பில் எண்ணெய், தெருவில் நாங்கள்

தீப்பிடித்த வீட்டை அணைத்தவர்கள் பலர் இருப்பார்கள். தீயே இல்லாத வீட்டில் தீயை உண்டாக்கப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் தீத்தடுப்புப் பயிற்சி முடித்த மறுநாளே.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு ஒருவரை ஃபயர் வார்டனாகப் போடுவார்கள். எங்கள் லைனில் என்னைப் போட்டார்கள். (திறமையைப் பார்த்து இல்லீங்க, தொண்டையைப் பார்த்து.) அரைநாள் பயிற்சி, ஒரு ஆரஞ்சு ஜாக்கெட், ஒரு விசில். ஊதினால் எல்லோரும் தைக்கிற ஷூவை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். எதையும் தொடக்கூடாது, யாரும் திரும்பிப் போகக்கூடாது. கடைசி ஆள் கதவைச் சாத்த வேண்டும். பயிற்சியன்று முன்னூறு பேர் என் சொல் கேட்டு நின்றார்கள். வீட்டில் மூன்று பேர் கேட்க மாட்டார்களா என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரம். யாரிடமும் சொல்லவில்லை. (சொல்லிட்டு ஊதினா அது இன்னா ட்ரில்?) ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று ஊதினேன்.

என் கணவர் தலையில் ஷாம்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக ஓடி வந்தார். மாமனார் பாதி முகம் சவரம் செய்த கோலத்தில் வந்தார். சமையலறையிலிருந்து மாமியாரின் குரல்தான் வந்தது.

“எண்ணெய் காயுது எஸ்தரு. நாலு வடை போட்டுட்டு வந்துர்றேன்.”

“வடை வேகிற வரைக்கும் நெருப்பு காத்துக்கினு இருக்குமா அத்தை? கரண்டிய வச்சிட்டு வாங்க.”

“அடுப்பயாவது...”

“எதையும் தொடக்கூடாது. ரூல்.”

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். சொல்லிக்கொடுத்தபடியே கடைசி ஆளாகக் கதவையும் சாத்தினேன். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு அது. சாவி உள்ளே ஆணியில் இருந்தது.

மூவரையும் எதிர்வீட்டு வாசலில் உயர வரிசையில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட்டோடு வந்த எதிர்வீட்டு நஸ்ரீன் அக்கா நின்று பார்த்தார்.

“இன்னா எஸ்தர், குடும்பமே லைன்ல நிக்குது? இங்கயா ரேஷன் போடுறாங்க?”

“ட்ரில் அக்கா.”

“அப்டியா. அப்ப உங்க கிச்சன்ல வர்ற புகையும் ட்ரில்தானா?”

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கறுப்பாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. கம்பெனியில் நாங்கள் எதையும் தொடாமல் வரலாம், மெயினை அணைக்க எலக்ட்ரீஷியன் இருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த எலக்ட்ரீஷியன் அத்தைதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் தொட்டித் தண்ணீரில் நின்று மாமா கட்டிய வீடு. கையில் ரேசரோடு அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். கண்ணில் நுரை இறங்கிய என் கணவர் கதவென்று நினைத்துத் தூணை உதைத்தார். பின்கதவு உள்தாழ்ப்பாள். நானோ என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை ஊதிக்கொண்டே இருந்தேன்.

“யாரும்மா வரணும் இன்னும்? எல்லாரும் வெளியதான நிக்குறோம்” என்றார் மாமா.

ஓடிப்போய் வாசல் பக்கெட்டைத் தூக்கினேன், ஜன்னல் வழியாக ஊற்ற. அத்தை பக்கெட்டைப் பிடுங்கினார். “காயுற எண்ணெயில தண்ணியா? இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?” (இல்லை. இதைச் செய்யவே கூடாது என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார்கள்.)

பிறகு அத்தை நிதானமாக வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் போனார். அங்கே சுவரோரம் சிலிண்டர் இருந்தது. வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு என்று அடம்பிடித்துப் போன வாரம் மாற்றி வைக்கச் சொன்னவள் நான்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அத்தை ரெகுலேட்டரைத் திருகி மூடினார். எண்ணெய் பற்றிக்கொள்ளவில்லை, புகை மெல்ல மெல்லக் கம்மியானது. நஸ்ரீன் அக்கா வீட்டுக் கடப்பாரையால் பூட்டை உடைத்து உள்ளே போனோம். மாமா கரி படிந்த சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “பரவால்ல, நிக்குது” என்று சொல்லிவிட்டு மீதி முகத்தைச் சவரம் செய்யப் போனார்.

இப்போதும் எங்கள் வீட்டில் மாதம் ஒரு ட்ரில் உண்டு. நடத்துவது அத்தை. அடுப்பும் சிலிண்டரும் அவர் பொறுப்பு, மெயின் சுவிட்ச் மாமாவுக்கு, சாவியும் சர்ட்டிபிகேட் பையும் என் கணவருக்கு. எனக்கு என்ன வேலை என்று முதல் தடவையே அத்தையிடம் கேட்டேன்.

“நீ மொதல்ல வெளிய போய் நில்லும்மா. அப்பதான் எங்களுக்குத் தைரியமா இருக்கும்.”

வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு இதைச் சொல்லாமல் மாமா அனுப்புவதில்லை.