ஓட்டையில்லாத தீவு

"உன் கலங்கரை விளக்கத்துக்குள்ள சாவியே இல்லாம நுழைஞ்சிட்டேன் டங்கன்," என்று டெவிட்டா போனில் சொன்னபோது, டங்கன் கடித்துக்கொண்டிருந்த சீஸ் ரோலைத் தட்டிலேயே போட்டான்.

"எப்படிடா?"

"படகுக் கொட்டகைக் கூரையில ஏறி ஒரே தாவு. ஜன்னல் வழியா உள்ள. இவ்வளவுதானா உன் காவல்?"

இன்வர்கார்கில் ஊர் வேக விளையாட்டுச் சங்கத்தின் வருடாந்திர வீடியோ கேம் போட்டிக்குப் புது மேப், அதாவது ஓடும் களம், செய்து தருவது டங்கனின் பொறுப்பு. இந்த முறை ஒரு தீவு. கலங்கரை விளக்கத்தின் அடியில் புறப்பட்டு, தீவைச் சுற்றி ஓடி, மலையுச்சியில் கலங்கரை விளக்கத்தின் கதவுச் சாவியை எடுத்துத் திரும்ப வேண்டும். விளக்கத்துக்குள் முதலில் நுழைபவருக்குக் கோப்பை. போன வருடம் அவன் செய்த மேப்பில் ஒருவன் சுவருக்குள் புகுந்து பாதித் தூரம் ஓடாமலே ஜெயித்துவிட்டான். தலைவி ஷோனா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இன்னொரு ஓட்டை வந்துச்சுன்னா மேப் வேலை டனீடன் ஊர்ச் சங்கத்துக்காரங்களுக்குப் போயிடும்." அவர்கள் கையில் கொடுப்பதைவிடக் கடலில் குதிக்கலாம் என்பது டங்கனின் கட்சி.

மேப்பிலிருந்து கொட்டகையைப் பிடுங்கி எறிந்தான். அந்த இடம் மொட்டையாகத் தெரியவே ஒரு செம்மறியாட்டை நிறுத்திவைத்தான்.

அடுத்த சோதனைக்குப் புதுக் கண் வேண்டும். டெவிட்டாவுக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே. மேப்பைச் சோதித்தவர் போட்டியில் ஓடக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம் வேறு. டெவிட்டா தியாகியானான். இரண்டாவது தியாகி வீரெமு.

"ஆடு பிரமாதம் டங்கன்!"

"ரொம்ப நன்றிப்பா."

"அது முதுகுல ஏறித்தான் ஜன்னலுக்குத் தாவினேன்."

டங்கன் ஆட்டை நடமாட விட்டான். நடமாடிய ஆடு, அடுத்துச் சோதித்த பெண்ணை முட்டிச் சுவரைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டது. வேலி போட்டான், வேலிமேல் ஏறினார்கள். வேலிக்கு முன்னால் பள்ளம் வெட்டினான். பள்ளத்தில் விழுந்தவர் தீவுக்கு அடியில் போய்க் கலங்கரை விளக்கத்தின் மாடியில் முளைத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதங்கள் வரிசையில் நின்று வந்தன.

அவன் மனைவி மெரியானா பஸ் ஓட்டுகிறவள். கேம் என்றாலே கொட்டாவி விடுவாள்.

"சாப்பிடும்போதுகூட ஆடு, ஜன்னல்னு முணுமுணுக்கிறியே! நாம வாழற வீட்டையும் கொஞ்சம் பாருப்பா. பாத்ரூம் குழாய் ஒழுகுது."

"முதல்ல தீவுல ஒழுகுறதை அடைச்சிட்டு வரேன்."

"அந்தத் தீவுலயே குளிச்சுக்கோ."

கடைசியில் ஆட்டை விரட்டினான், வேலியைப் பிடுங்கினான், பள்ளத்தை மூடினான், ஜன்னலையே எடுத்துவிட்டான். சுவரெல்லாம் கெட்டிக் கல். சோதிக்க வந்தவர்கள் மாறி மாறி முட்டிப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். டங்கன் ஆனந்தக் கண்ணீரோடு தலைவிக்குப் போன் போட்டான்.

"ஓட்டையே இல்ல ஷோனா!"

"சந்தோஷம். போட்டியில யார் ஓடப்போறாங்க?"

"நம்ம பசங்கதான்."

"எந்தப் பசங்க? ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் நீ சோதனைக்கு உட்கார வெச்சிட்டியே!"

டங்கன் உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தான், ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.

ஷோனா யோசித்து ஒரு வழி சொன்னாள். எல்லோருக்கும் மேப் தெரியும் என்றால் எல்லோரும் சமம்தானே, ஓடட்டும். ஆனால் சோதிக்காத ஒருவராவது கூட ஓடினால்தான் போட்டி செல்லும். அந்தத் தீவைக் கண்ணால் பார்க்காத ஆள் டங்கனுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

"எந்தப் பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாது. என்னை ஏன் இழுக்கிறே?" என்றாள் மெரியானா, போட்டி நாளன்று மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"கடைசியா வந்தாப் போதும் தாயே. இதை அழுத்தினா நடக்கும், இதுல திரும்பும். அந்தக் கலங்கரை விளக்கத்துக்குள்ள போகணும், அவ்வளவுதான். இதுக்கு மேல சொன்னா மத்தவங்களுக்கு அநியாயம்."

மணி அடித்தது. பழக்கதோஷம் யாரை விட்டது! கோப்பை ஆசையில் யாருமே சாவி இருந்த மலைப்பக்கம் திரும்பவில்லை. டெவிட்டா இல்லாத கொட்டகையை நோக்கித் தாவிக் குப்புற விழுந்தான். வீரெமு ஆட்டைத் தேடினான். மற்றவர்கள் அடைத்த ஓட்டைகளில் மண்டையை மோதிக்கொண்டிருந்தார்கள். பெரிய திரையில் அதைப் பார்த்து டங்கன் பூரித்துப் போனான். ஷோனாகூட அவன் தோளைத் தட்டினாள்.

அப்போது திரையில் வெற்றியாளர் பெயர் மின்னியது: மெரியானா.

யாரோ சீஸ் ரோல் தட்டைக் கீழே போட்டார்கள், குனிந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னும் ஓர் ஓட்டையா?" டங்கன் திரைக்கு அருகே ஓடினான். டனீடன்காரர்கள் சிரிப்பது இப்போதே அவன் காதில் கேட்டது.

ஷோனா மெல்ல மெரியானாவின் அருகே வந்து குனிந்தாள். "நம்ம பசங்க இத்தனை பேர் முட்டி மோதியும் வழி கிடைக்கல. மறைக்காம சொல்லும்மா. எந்தச் சுவரைத் துளைச்சு உள்ள போனே?"

மெரியானா திருதிருவென்று விழித்தாள்.

"சுவரா? எதிர்லயே கதவு இருந்துச்சே. தள்ளினேன், திறந்துடுச்சு. பூட்டவே இல்லையே!"