தற்காலிகம் வளர்த்த கள்ளி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய சாதனை எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது. ஒரு கள்ளிச்செடிக்குப் 'பராமரிப்புக் குழு' அமைத்தோம். தலைமை எழுத்தர் என்ற முறையில் செயலாளர் அடியேன்தான்.

செடியைக் கொண்டுவந்தவர் மேலாளர். ஏதோ பயிற்சி முகாமில் பரிசாகக் கொடுத்தார்களாம். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை, உடம்பெல்லாம் முள். அதை மேசைமேல் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

"பாருங்க. இலையை முள்ளாக்கிக்கிட்டு, கிடைச்ச தண்ணியை உடம்புல சேத்து வச்சுக்கிட்டு, யார்கிட்டயும் எதுவும் கேக்காம வாழுது. நாமளும் இப்படித்தான் இருக்கணும்!"

கைதட்டினோம். மின்விசிறி கேட்டு மனுப்போட்டிருந்த தட்டச்சர் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

செடி 'தற்காலிக'த்திடம் ஒப்படைக்கப்பட்டது. கோப்புகளை எடுத்துவைக்கும் அந்தப் பெண் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பெயரே அதுதான் என்றாகிவிட்டது. "செடி பூத்துச்சுன்னா உன்னை நிரந்தரம் பண்ணிடறேம்மா" என்று எல்லார் முன்னாலும் வாக்களித்தார் மேலாளர். அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டுமே! அங்கேயே புருஷனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? 'நீர் வழங்கல் பதிவேடு' திறந்தேன். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து.

"சார், இதுக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா ஊத்தினாப் போதும். மண்ணு நல்லாக் காயணும்."

"சரிம்மா. நடுவுல இருக்கிற கட்டமெல்லாம்?"

"காலியா விட்டுடலாமே."

"காலியாவா! தணிக்கைக்கு வர்றவன் என் தோலை உரிச்சுடுவான்."

ஆகவே தினம் ஒரு தம்ளர். அதைச் சரிபார்க்க நான் ஒரு தம்ளர். வெள்ளிக்கிழமைதோறும் மேலாளர் திருக்கரத்தால் 'சிறப்பு நீர்'. நாற்பதாம் நாள் செடியின் அடிப்பாகம் பழுப்பேறி, தொட்டால் விரல் உள்ளே போனது. 'நல்ல ஊட்டம்' என்று குழு பதிவு செய்தது.

தற்காலிகம் மட்டும் பதறிப்போய், பக்கத்தில் முளைத்திருந்த கோலிக்குண்டு அளவுக் குட்டியை வெட்டியெடுத்தாள். வெட்டுவாய் உலர ஒரு வாரம் காகிதத்தில் வைத்திருந்து, உடைந்த கோப்பையில் மணல் போட்டு நட்டாள். எங்கள் அக்கறை எட்டாத உயரத்தில், ஜன்னலோர அலமாரி உச்சியில் ஒளித்துவைத்தாள். தாய்ச்செடி அழுகிச் செத்தது. குழு ஒரு நிமிடம் மௌனம் காத்துப் பதிவேட்டை மூடியது.

இரண்டு வருடம் கழித்துக் குட்டி பூத்தது. ரோஜா நிறத்தில் ஒற்றைப் பூ. கோப்பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேலாளர் அறைக்கு வந்தாள். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"பதிவேட்டின்படி செடி இறந்துவிட்டது ஐயா. இறந்த செடி பூப்பதற்கு விதியில் இடமில்லை. இது பதிவாகாத செடி."

"விதின்னா விதிதானேம்மா" என்றார் மேலாளர். "கள்ளி மாதிரி பொறுமையா இரு. இன்னைக்கே இதைப் பதிவுல ஏத்திடுவோம். அடுத்த தடவை பூக்கட்டும், பாத்துக்கலாம்."

கடமை தவறாத நான் உடனே தம்ளரோடு நெருங்கினேன். அவள் கோப்பையைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஊத்தாதீங்க சார். இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நாளையிலேருந்து நானும் வரல."

எனக்கு மனசே ஆறவில்லை. எவ்வளவு செய்திருக்கிறோம்!

"ஏம்மா, இங்க என்ன குறை வச்சோம்?"

கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"செடிக்கு ஒரு குறையும் வைக்கல சார்."