அமெரிக்கன் அண்ணையின் ஜெர்மன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அமெரிக்கச் சிரிப்பு நடிகர் ஒருவர் ஜெர்மன் மொழியில் வெளுத்து வாங்குகிறார் என்று பல வருடங்கள் மனமார நம்பியிருந்த முட்டாள் நான். தெலுங்கு நாயகர்கள் தமிழில் சவால் விடும் படங்களைப் பார்த்து, வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகிறதே என்று விசிலடித்து வளர்ந்தவன்தான். ஜெர்மனிக்கு வந்தபோது அந்த அறிவை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரப் பாஷை பேசுகிறான், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரே ஆறுதல், இந்த முட்டாள்தனத்தில் எனக்கொரு கூட்டாளி இருந்தார். அமெரிக்கன் அண்ணை.

பீலெஃபெல்ட் நகரத்தில் அமெரிக்கன் அண்ணையைப் போல ஜெர்மன் பேசிய தமிழர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். அமெரிக்காவைப் படத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. அகதிகள் விடுதியில் எங்களைப் போன்றவர்களுக்கு மொழி வகுப்பு என்று ஒன்றும் கிடையாது. பொது அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் இருந்தது. உடுப்புக் கொழுவும் கம்பியை அன்ரெனாவாகக் குத்தியிருந்த அந்தப் பெட்டிக்குள் ஒருநாள் கண் பிதுங்கிய அமெரிக்க நடிகர் ஒருவர் வந்தார். நாங்கள் அவருக்கு முழியன் என்று பெயர் வைத்தோம். அண்ணை அவர் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழும்பவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

எந்த வேலைக்குப் போனாலும் முழியனைத் துரத்திவிடுகிற ஆரம்பகாலப் படங்கள் அண்ணைக்குப் பாலர் வகுப்பு. பொலிஸ்காரனாக வந்து தன் காரையே களவு கொடுக்கிற படங்கள் அடுத்த வகுப்பு. பிறகு திரையில் முழியனுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர் தலைமயிர் பிய்க்கும் தகப்பனாக வந்தபோது அண்ணை மேல் வகுப்புக்கு ஏறிவிட்டார். இடையில் 'எனக்கும் அழத் தெரியும்' என்று முழியன் படம் முழுக்க மழையில் நனைந்தார். அமெரிக்காவிலேயே அந்தப் படத்தை ஒருவரும் பார்க்கவில்லையாம். அண்ணை நாலு தரம் பார்த்தார்.

"அதிலைதான் தம்பி, மன்னிப்புக் கேக்கிற ஜெர்மன் முழுக்கக் கிடக்கு."

சொந்த வாழ்க்கையைக்கூட அவர் முழியனை வைத்தே ஞாபகம் வைத்திருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது தபால்காரன் படம் வந்த வருசம். சமையலறை வேலை கிடைத்தது முழியனுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த வருசம்.

தமிழில் அண்ணை பேச்சே இல்லாத மனிதர். ஓம், இல்லை, பாப்பம். அதோடு சரி. ஜெர்மனில் வாயைத் திறந்தால் ஆளே வேறு. இடப்புருவம் மேலே போகும். கேட்பவர் மூச்சை இழுக்கும்வரை ஒரு சின்ன மௌனம். பிறகு முழியனின் அந்தக் கரகரத்த குரல் கிளம்பும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கிரேக்க உணவகத்தின் முதலாளி, கோப்பை கழுவியது போதாதென்று கத்தினார். அண்ணை திரும்பினார். புருவம், மௌனம். "ஐயா, என்னை வேலையிலிருந்து நீக்குவதென்றால் தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் பலர் காத்திருக்கிறார்கள்."

முதலாளி சிரித்துச் சிரித்து மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணைக்கு வேலை நிரந்தரமானது. எனக்கோ ஜெர்மன் மண்டையில் ஏறவே இல்லை. என் வீட்டுக்காரனோடு பேசுவது, குழாய் திருத்துபவனைக் கூப்பிடுவது எல்லாம் அண்ணைதான். வீட்டுக்காரன் என்னிடம் கோபித்துக்கொண்டு வருவான், அண்ணையிடம் சிரித்துக்கொண்டு போவான்.

இதில் ஒரு பயங்கரம் ஒளிந்திருப்பது அண்ணையின் குடல்வால் வீங்கிய அன்றுதான் தெரிந்தது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அண்ணையின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எங்கே நோகிறது என்று டாக்டர் கேட்டார். "என் வயிற்றுக்குள் யாரோ குடிவந்திருக்கிறார்கள், டாக்டர். காலையிலிருந்து தளபாடங்களை நகர்த்துகிறார்கள்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தாதியைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அண்ணை வலியில் பல்லைக் கடித்தபடி இன்னொரு தரம் சொன்னார். தாதியும் சிரித்தாள். வாயுவுக்குக் குளிசை தந்து அனுப்பினார்கள். அன்று பின்னேரமே அம்புலன்ஸ் வந்து அண்ணையை அள்ளிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

வெட்டித் தைத்த வயிற்றோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நோகுது எண்டுதானே நான் சொன்னனான். அவங்கள் ஏன் சிரிச்சவங்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தான் பகிடி விடுவது இந்த மனிதனுக்குத் தெரியாது. ஜெர்மன் மொழியே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து டெர்மின், அதாவது நேரில் வரச்சொல்லி நாள் குறித்த கடிதம், வந்தது. அண்ணையின் அகதி வழக்கு எப்போதோ தள்ளுபடியாகியிருந்தது. 'உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை' என்கிற ஒரு காகிதத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தார். அப்படி நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது ஒரு வழி திறந்திருந்தது. வேலை இருக்கவேண்டும். ஜெர்மன் பேசவேண்டும். அதிகாரி முன்னால் உட்கார்த்திப் பேசிப் பார்ப்பார். தேறினால் விசா. விசா கிடைத்தால், கல்யாணமான சூட்டோடு மன்னாரில் விட்டுவந்த றெஜினா அக்காவைக் கூப்பிடலாம். தேறாவிட்டால் அக்காவும் வரமாட்டா, அண்ணையும் இங்கே இருக்கமாட்டார்.

எனக்கு நித்திரை போய்விட்டது. ஊரில் உயிருக்கு ஆபத்து என்று இவர் சொல்ல, அதிகாரி மேசையில் அடித்துச் சிரித்தால்? அல்லது, அதைவிட மோசம், தன்னை நையாண்டி பண்ணுகிறார் என்று நினைத்தால்?

ஆகவே நான் வாத்தியார் ஆனேன். ஆம், நான்தான். சிரிக்காதீர்கள்.

"அண்ணை, புருவத்தைத் தூக்காதேங்கோ. நேராப் பாத்து நான் சொல்லுறமாதிரிச் சொல்லுங்கோ. நான் சமையலறையில் வேலை செய்கிறேன். நான் ஒழுங்காக இருக்கிறேன்."

"உது ஆர் கதைக்கிற ஜெர்மன்?"

"ஜெர்மன்காரர் கதைக்கிறது."

"எந்தப் படத்திலை?"

டெர்மினுக்கு முந்திய வாரம் முழியனின் புதுப்படம் வந்தது. மனத்துக்கு ஒரு தென்பாக இருக்கட்டும் என்று நானே தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கு அணைந்தது. மயிர் உதிர்ந்து, கொஞ்சம் கிழண்டிப்போன முழியன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அண்ணையின் முகம் மலர்ந்தது. முழியன் வாயைத் திறந்தார்.

யாரோ ஒருவன் பேசினான். கரகரப்பு இல்லை. மூக்கால் வருகிற மெல்லிய குரல்.

அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார். "தம்பி, இவனுக்கு என்னவோ நடந்திட்டுது. தொண்டையிலை வருத்தம்." பாதிப் படத்தில் எழும்பி வெளியே போனவர் நேரே தேவாலயத்துக்குப் போய், முழியனின் தொண்டைக்காக மெழுகுதிரி கொளுத்தினார்.

நான் வீடியோ வாடகைக் கடைக்கு ஓடினேன். புருவத்தில் வளையம் குத்தியிருந்த ஒரு பையன் அங்கே வேலை செய்தான். நான் கேட்டதை விளங்கிக்கொள்ளவே அவனுக்குக் கனநேரம் பிடித்தது. விளங்கியதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அந்த நடிகருக்கு ஜெர்மன் தெரியாது என்றான். எல்லாப் படத்துக்கும் பெர்லினில் ஒருவர்தான் குரல் கொடுத்து வந்தாராம். அவருக்கு வயதாகிவிட்டது, ஓய்வெடுத்துவிட்டார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனேனா? ஆறுதல் சொல்லுகிறேன் பேர்வழி என்று அண்ணையின் அறைக்கு ஓடி, மூச்சிரைக்கக் கத்தினேன்: "அண்ணை, முழியனுக்கு ஒண்டுமில்லை! அவனுக்கு ஜெர்மனே தெரியாது!"

நடந்ததைச் சொன்னேன். அண்ணை கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப, இவ்வளவு காலமும் நான் ஆரின்ர ஜெர்மன் கதைச்சனான்?"

அவர் எழும்பித் தொலைக்காட்சியை அணைத்தார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரு ஜெர்மன் சொல் வரவில்லை. உணவகத்தில் தலையை மட்டும் ஆட்டினார். கிரேக்க முதலாளி எனக்கு ஃபோன் எடுத்து, "அவனை என்ன செய்தாய்?" என்று கத்தினார்.

டெர்மின் நாள் விடிந்தது. இருவரும் டிராமில் போனோம். அண்ணை கல்யாணக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் பூட்டவில்லை. நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"அண்ணை, பீலெஃபெல்ட் எண்டு ஒரு ஊரே இல்லை எண்டு ஜெர்மன்காரர் பகிடி விடுறவங்களெல்லே? இல்லாத ஊரிலை இருந்து உங்களை என்னெண்டு அனுப்புறது?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒரு பெண். கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. அந்த முகத்தில் சிரிப்பு என்கிற பொருள் எப்போதாவது இருந்ததற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணை தன் கைகளைப் பார்த்தார். என்ன வேலை செய்கிறீர்கள்? அண்ணை கைகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மேசைக் கடிகாரம் டிக் டிக் என்றது.

"இவர் ஜெர்மன் பேசாவிட்டால் நான் இத்தோடு முடிக்கவேண்டியிருக்கும்" என்றார் அதிகாரி.

நான் குதித்தேன். அண்ணை நல்லவர், வெட்கப்படுகிறார், நாளாந்தம் நன்றாகப் பேசுவார் என்று சொல்லத்தான் குதித்தேன். ஜெர்மனில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வந்து சேரும் என்பார்கள். எனக்கு அது அன்றைக்கு வந்து சேரவே இல்லை. நானும் அதைத் தேடிக்கொண்டு வசனத்தை நீட்டினேன், நீட்டினேன். கழுத்தால் வியர்வை ஓடியது.

"என்ன?" என்றார் அதிகாரி. திரும்பச் சொன்னேன். "மன்னிக்கவும், என்ன?" கையால் காட்டிச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். ஒரு குடும்பத்தையே என் வாயால் கெடுத்துவிட்டேன் என்று கண்கலங்கி, என்னென்னவோ உளறினேன்.

பக்கத்தில் கதிரை அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். இடப்புருவம் மேலே போயிருந்தது.

"அம்மணி," என்றது அந்தக் கரகரத்த குரல், "என் நண்பர் சொல்ல வருவதை நான் மொழிபெயர்க்கலாமா? தாமதித்தால் இவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிவரும்."

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

அண்ணை பேசினார். கோப்பைகள், கிரேக்கர், விடுதி, வெட்டித் தைத்த வயிறு எல்லாம் வந்தன. ஒவ்வொரு வசனத்துக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். கடைசியில் அதிகாரி, "மனைவியோடு உறவு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். புருவம். மௌனம்.

"எங்களுக்குள் சண்டையே வருவதில்லை, அம்மணி. அதற்கு முன் தொலைபேசி அட்டை முடிந்துவிடும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்று காத்திருந்தேன். வரவில்லை. திறந்து பார்த்தால் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் பார்த்தார்.

"நீங்கள் பெர்லினில் வளர்ந்தவரா?" என்று கேட்டார் பிறகு. "இந்தப் பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. என் மருமகன் பவேரியாக்காரன். அவனைவிட உங்களை எனக்கு நன்றாக விளங்குகிறது." எழுதினார், முத்திரை குத்தினார். மனைவிக்கு இனி விண்ணப்பிக்கலாம் என்றார். நாங்கள் எழும்பும்போது, என்னைப் பார்க்காமல் அண்ணையிடம் சொன்னார்: "உங்கள் நண்பருக்கு ஒரு மொழி வகுப்பு நல்லது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம்.

"அண்ணை, அந்தக் குரல் உங்களுக்குத் திரும்ப எங்கையிருந்து வந்தது?"

"அந்தக் கிழவர் ஓய்வெடுத்திட்டார் எண்டு நீதானே சொன்னனீ. குரல் சும்மாதானே கிடக்குது" என்றார் அண்ணை. "நீ அங்கை கிடந்து தாழுறாய். பாத்துக்கொண்டு இருக்க ஏலுமே?"

காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. றெஜினா அக்காவுக்கு விசா வந்தது. டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில், ஆட்கள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அண்ணையும் நானும் நின்றோம். கதவு திறக்கும், மூடும். வேறு யாருடையவோ மனைவிமார் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணை தமிழிலும் பேசவில்லை, ஜெர்மனிலும் பேசவில்லை. கோட்டின் கழுத்துப் பொத்தானை மட்டும் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு அந்த மனிசி உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தா, இஞ்சை நான் தனிய என்ன செய்திருப்பன்?"

கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணை சொன்னார்:

"ஜெர்மன் படிச்சிருப்பாய்."