ஜெபத்துக்கு வந்த ஜீப்பு

ரிவர்ஸ் கியர் விழவில்லை. விஜயதாஸ் கம்பியை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார், பக்கவாட்டில் நெம்பினார். ஜீப்பு கர்ரென்று பல்லைக் கடித்ததே தவிர ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. முன்னால் கோயில் முற்றத்தில் அறுப்பின் பண்டிகைக்குப் போட்ட காணிக்கைப் பந்தல். பின்னால் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த சனம்.

"சாரே, அத எடுத்து ஓரமா போடுங்க" என்றார் கோயில் வேலைகளைப் பார்க்கும் ஈசாக்.

"ஓரம் பின்னாலயாக்கும் இருக்குது. இது பின்னால போவ மாட்டேங்குது."

"அப்பம் முன்னால போங்க."

"முன்னால வாழக்குல இருக்குதே!"

ஈசாக் வாழைக்குலையைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். "அப்பம் இஞ்சயே கெடக்கட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார்.

ஜீப்பு முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தது. வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் கனகதாஸ் விற்றது. தகரக் கூரை, பின்பக்கம் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, ஜன்னலுக்குச் சறுக்கும் கண்ணாடி. "காருக்க சொகமும் ஜீப்புக்க பெலனும் உள்ளதாக்கும் அண்ணே. குடும்பத்தோட ஏறலாம், மலையிலயும் ஏறலாம்" என்று சொல்லித்தான் கனகதாஸ் தலையில் கட்டினார். ரிவர்ஸ் பற்றிக் கேட்டதற்கு, "நமக்கு எதுக்கு அண்ணே பின்னால போறது? முன்னேறப் பாருங்க" என்று சிரித்துவிட்டார். சிரிப்பிலே விஷயம் முடிந்துபோயிற்று.

விஜயதாஸுக்கு அவசரம். மகள் ரினிக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் பேரப்பிள்ளை சொந்த வண்டியில்தான் வீட்டுக்கு வரும் என்று அவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாலக்காட்டிலிருந்து மாற்றலாகி, கொல்லயிலில் வீடு எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புது ஊரில் ஒரு வாக்குச் சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டாமா?

முந்தின நாள் ஜீப்பை வீட்டு முற்றத்தில் கொண்டு நிறுத்தியபோது அவர் மனைவி ஆனந்தபாய் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பழைய வண்டி. இதுக்குள்ள இருந்து முன்ன ஆரு அழுதா, ஆரு சண்ட போட்டா, நமக்குத் தெரியுமா? ஜெபம் பண்ணாம எனக்க பேரப்பிள்ள இதுல காலு குத்தாது."

"பெறந்து ஒரு வாரங்கூட ஆவல்ல. அது எங்க காலு குத்த?"

"தமாசு வேண்டாம், கேட்டீளா. போதகர் ஐயாட்ட போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். போதகருக்கு ஒரே சந்தோஷம். "வீட்டுல வச்சு எதுக்கு? நாளைக்குப் பண்டிகையாக்கும். கோயிலுக்கே கொண்டு வாங்க. சனம் எல்லாம் உண்டு, நல்ல ஜெபமா பண்ணலாம்" என்றார்.

அப்படித்தான் ஜீப்பு காணிக்கைப் பந்தலுக்கு முன்னால் வந்து மாட்டிக்கொண்டது.

விஜயதாஸ் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் சத்தியபாய் டீச்சர் பானெட்டின் மேல் ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டிருந்தார். பந்தலில் இடமில்லையாம். அடுத்து வந்தவர் சேனைக்கிழங்கை வைத்தார். இன்னொருவர் பம்பரில் ஒரு சேவலைக் கட்டினார். விஜயதாஸ் மரியாதையாகப் பூசணிக்காயைத் தூக்கிக் கீழே வைக்கப் போனார்.

"காணிக்கையில கை வைக்கப்பிடாது சாரே" என்றார் டீச்சர், பள்ளிக்கூடக் குரலில்.

விஜயதாஸ் ஈசாக்கிடம் ஓடினார். "இது காணிக்க இல்ல, ஜெபத்துக்கு வந்த வண்டியாக்கும்னு ஒரு அடையாளம் வேணும்."

"அதுக்கென்ன?" ஈசாக் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்துக் கொடுத்தார். "இத முன்னால கெட்டுங்க. பின்ன ஒருத்தனும் தொடமாட்டான்."

விஜயதாஸ் நாடாவைப் பூப்போல முடிந்து கட்டினார். நிம்மதியாகப் போய் உட்கார்ந்து பாட்டுப் பாடினார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. பந்தலில் ஏலத்துக்குக் கிடந்த வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு மூடு, தேங்காய்க் குலை எல்லாவற்றிலும் அதே சிவப்பு நாடா.

அவிழ்க்க ஓடினார். அதற்குள் மைக் முழங்கியது.

"மொதல்ல, ஒரு பெரிய காணிக்க!" சபைச் செயலாளர் ஞானையன்தான் வருடாவருடம் ஏலம் கூவுகிறவர். கோழி விற்கும்போதே கல்யாணம் முடித்து வைக்கிற உற்சாகம் அவர் குரலில் இருக்கும். "நம்ம சபைக்குப் புதுசா வந்த விஜயதாஸ் சார் கர்த்தருக்குப் படைச்ச ஜீப்பு!"

கோயில் முற்றம் முழுக்கக் கைதட்டியது.

"அய்யோ, அது..." என்று விஜயதாஸ் வாய் திறந்தார். போதகர் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. ஒங்க முகமே சொல்லுது."

"இல்ல ஐயா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சொன்னா அதுக்க மகிம போயிரும்" என்று போதகர் கைகளை இன்னும் இறுக்கினார். விஜயதாஸுக்குச் சொல்லவும் முடியவில்லை, கையை உருவவும் முடியவில்லை. கைதட்டின சனத்துக்கு முன்னால் நின்று, தெரியாமல் வந்துவிட்டது, திருப்பித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? மரத்து நிழலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த ஆனந்தபாயின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

ஒரே ஒரு வழி உண்டு. கோழியைக் காணிக்கை கொடுத்தவர்களே அதை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்தான். கோழியும் வளரும், கோயிலுக்கும் கிடைக்கும். ஆனால் கைதட்டல் அடங்கும் முன்னே கொடுத்தவரே கைதூக்கினால் ஊர் என்ன நினைக்கும்? வேறு ஆள் வேண்டும்.

ஆள் இருந்தார். பண்டிகைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கனகதாஸ் ஒரு தென்னையில் சாய்ந்து நின்று, தான் விற்ற ஜீப்பு ஏலம் போகும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காச்சுட்டு நீரு கேளும்" என்று விஜயதாஸ் அவர் காதில் சொன்னார். "நான் லேஞ்சிய எடுத்து முகத்தத் தொடச்சா, ஆயிரம் கூட்டிக் கேக்கணும். தொடைக்காட்டி கேக்கப்பிடாது."

"தொடச்சா கேக்கணும். அவ்வளவுதானே? நான் ஏத்துக்கிட்டேன், அண்ணே."

ஏலம் ஐந்நூறில் தொடங்கியது. "பம்பர்ல கெட்டின சேவலும் சேத்தா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"சேவல் தனி!" என்றார் ஞானையன்.

விஜயதாஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஆயிரத்து ஐந்நூறு!" என்றார் கனகதாஸ்.

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. "நேத்து வித்தவரு இன்னைக்குத் திரும்பக் கேக்காரே. அதுக்க உள்ள என்னமோ உண்டு, மக்கா" என்று ஒருவர் சொன்னது நாலு வரிசை தாண்டிக் கேட்டது. அதுவரை சும்மா இருந்த அமரவிளைக்காரர் ஒருவர் எழுந்து போய் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்ன கண்டாரோ, நிமிர்ந்ததும் மூவாயிரம் என்றார்.

விஜயதாஸ் துடைத்தார். கனகதாஸ் கேட்டார். அமரவிளைக்காரர் கேட்டார். இப்படியே ஏறி, எட்டாயிரத்தில் அமரவிளைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எட்டாயிரம் ஒரு தரம்..." என்றார் ஞானையன். விஜயதாஸ் மூச்சு விட்டார்.

"ஒம்பதாயிரம்!"

குரல் தெரிந்த குரலாக இருந்தது. எட்டிப் பார்த்தார். வெள்ளறடையிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த மச்சினன் நேசையன், ஆனந்தபாயின் தம்பி. விஜயதாஸுக்கு உச்சி மண்டை சூடாயிற்று. சொந்த மச்சினனா வாயில் மண்ணைப் போடுவது? வியர்வை கண்ணில் வழிந்தது. துடைத்தார்.

"பத்தாயிரம்!" என்றார் கனகதாஸ்.

"பதினொண்ணு!" என்றான் நேசையன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் விஜயதாஸ் அவன் தோளைப் பிடித்தார். "எலே, ஒனக்கு எதுக்குலே ஜீப்பு? சைக்கிளே ஓட்டத் தெரியாத பய!"

"எனக்கில்ல அத்தான். அக்காவுக்காக்கும்."

"எந்த அக்காவுக்கு?"

"எனக்கு எத்தன அக்கா உண்டு? அத்தான் மனசு எளகிக் குடுத்துட்டாரு, பிள்ளைய எதுல கொண்டு வருவேன், எப்பிடியாவது மீட்டுக் குடுன்னு சொன்னா. அவ முந்தானையால கண்ணத் தொடச்சா நான் கூட்டிக் கேக்கணும்."

விஜயதாஸுக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. அவர் துடைத்தால் கனகதாஸ் கேட்பார். அவர் அழுவதாக நினைத்து அங்கே அவள் கண்ணைத் துடைப்பாள். இவன் கேட்பான். சொந்த ஜீப்புக்குச் சொந்த வீட்டுக்காரர்களே விலையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி துடைக்கக் கூடாது. கைக்குட்டையைச் சட்டைப் பையில் திணித்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டார். நெற்றியிலிருந்து வியர்வை புருவத்துக்கு வந்தது, புருவத்திலிருந்து மூக்குக்கு வந்தது. அசையவில்லை. பதினொன்றில் முடியட்டும், அவள் பேரிலேயே விழட்டும்.

"பதினோராயிரம் ஒரு தரம்..."

போதகர் பக்கத்தில் வந்தார். அவரைக் கனிவோடு பார்த்தார். தன்னுடைய கைக்குட்டையை எடுத்து விஜயதாஸின் முகத்தை மெதுவாகத் துடைத்துவிட்டார்.

"பன்னிரண்டாயிரம்!" என்றார் கனகதாஸ்.

மர நிழலில் ஆனந்தபாய் அதைப் பார்த்தாள். போதகரே கண்ணீரைத் துடைக்கிற அளவுக்கு இந்த மனுஷன் உடைந்துபோனாரே என்று அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பதிமூணு!" என்றான் நேசையன். அவள் தலையை நிமிர்த்தாமல் துடைத்துக்கொண்டே இருந்ததால், "பதினாலு! பதினஞ்சு!" என்று தானே தன்னை மிஞ்சிக் கேட்டான்.

"நிறுத்துலே, மூதேவி!"

"அக்கா நிறுத்தல்லியே, அத்தான்!"

விஜயதாஸ் பாய்ந்து போய்க் கனகதாஸின் வாயைப் பொத்தினார். ஞானையன் கடகடவென்று இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி முடித்தார். ஜீப்பு பதினையாயிரத்துக்கு, நேசையன் சொன்னபடி, ஆனந்தபாய் பேரில் விழுந்தது. சனம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. பணம் கிறிஸ்துமசுக்குள் தந்தால் போதும் என்றார் ஞானையன், பெரிய மனதோடு.

"போதகரு ஐயாதானே தொடச்சாரு, ஒமக்கு எதுக்கு அவசரம்?" என்று விஜயதாஸ் கனகதாஸைப் பிடித்துக்கொண்டார்.

"ஆரு தொடைக்கணும்னு நீங்க சொல்லல்லியே, அண்ணே" என்றார் கனகதாஸ், சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்தபடி.

ஆனந்தபாய் சிவந்த மூக்கோடு வந்தாள்.

"ஒனக்கு என்னட்ட ஒரு வாக்கு கேக்கப்பிடாதா?" என்றார் விஜயதாஸ்.

"எப்பிடிக் கேக்க? நீங்க தேம்பித் தேம்பி அழுதிட்டுல்ல நின்னீங்க."

"அழுதேனா? அது வேர்வையாக்கும்!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? கல்யாணத்தன்னைக்கும் இப்பிடித்தான் தொடச்சிட்டு நின்னீங்க."

"அன்னைக்கும் வேர்வைதான்."

ஆனந்தபாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் இத்தன வருசமா வேற நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

விஜயதாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் கண்ணீரும் உண்டாயிருக்கும்" என்றார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூசணிக்காயை எடுத்துச் சத்தியபாய் டீச்சரிடம் கொடுத்தாள். இப்போது யாரும் தடுக்கவில்லை. அது ஏலம் போன வண்டி. போதகர் வந்து பானெட்டில் கைவைத்து, சகோதரி ஆனந்தபாயின் வண்டிக்காக நீளமாக, மனம் நிறைந்து ஜெபித்தார். இனிப் பேரப்பிள்ளை தாராளமாக அதில் காலு குத்தலாம். நேசையனும் கனகதாஸும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, ஜீப்பை முன்பக்கமிருந்து தள்ளித் தள்ளிப் பின்னால் கொண்டுவந்து ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

ஈசாக் மட்டும் பந்தலில் நின்று மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். விஜயதாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை.

"போட்டும் ஈசாக்கே. ஒரு நாடா கெட்டினதுல வந்த பெசகு. ஆருக்க குத்தமும் இல்ல."

ஈசாக் வயர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"பெசகா? போன வருசம் இதே போல ஜெபத்துக்கு வந்த ஒரு ஃபிரிட்ஜ ஏலத்துல விட்டுத்தானே சாரே, இந்த மைக்கு செட்டே வாங்கினது."