பங்குனியில் அளந்த பாலம்

சர்க்கார் வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று யாராவது புலம்பினால் நான் வாயைத் திறப்பதில்லை. அந்த இழுவையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் ஓவர்சியராக இருந்தேன். இலஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக்கு நடைபாலம் போடவேண்டும். அக்கரையில்தான் எனக்கு நிச்சயித்த பெண் வீடு. "கல்யாணத்துக்குப் பாலத்து வழியாத்தான் வருவேன்" என்று நிச்சயதார்த்தத்தன்று சவடால் விட்டேன். (வாய் சும்மா இருந்தால்தானே.)

எஸ்டிமேட் சென்னைக்குப் போயிற்று. 'கல் எங்கிருந்து வரும்?' என்று கேட்டுத் திரும்பி வந்தது. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு நான்கு பக்கம் பதில் எழுதினேன். 'நான்கு பக்கம் எதற்கு?' என்று மறுபடி வந்தது. இதற்குள் கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். மூன்றாம் தடவை தள்ளினால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்கு உதறல்.

பாலத்தின் நீளம் குறைந்தால் திருநெல்வேலியிலேயே கையெழுத்தாகிவிடும் என்று ஆபீஸ் குமாஸ்தா காதில் போட்டார். பங்குனி வெயிலில் போய், தண்ணீர் கசிந்த அகலத்தை மட்டும் அளந்தேன். மாமனார் வரப்பில் நின்று பார்த்தார்.

"மாப்பிள்ளை, பங்குனியில அளக்குதிய. ஆனியில தண்ணி அந்தா நிக்கே, அந்த மருத மரம் வரைக்கும் வரும்."

"எல்லாம் கணக்குப் போட்டாச்சு மாமா" என்றேன். (போட்டது முகூர்த்தக் கணக்கு.)

ஒரு வாரத்தில் கையெழுத்து, இரண்டு மாதத்தில் பாலம். ஆனியில் முகூர்த்தம். மூன்று நாள் முன்பு குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. சுற்றுவழியில் போகலாம் என்று அப்பா சொல்லியும் கேட்காமல், மேளதாளத்தோடு எல்லோரையும் ஓடைக்குக் கூட்டிப்போனேன்.

பாலம் ஓடை நடுவில் தனியாக நின்றது. இரண்டு முனையிலும் இடுப்பளவுத் தண்ணீர். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்கரையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "ஏலே, பனந்தடியை எடுத்துப் போடுங்கலே. முகூர்த்தத்துக்கு நேரமாவுது."

இரு கரையிலும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அரை மணியில் வழி உண்டாயிற்று. தடிகளை மாமனார் பங்குனியிலேயே வெட்டி வைத்துவிட்டாராம். பட்டு வேட்டியோடு நான் தவழ்ந்து போனதைப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பனந்தடிகள் 'தற்காலிக ஏற்பாடு' என்று பைலில் ஏறி, பதினோரு வருஷம் கிடந்தன. எனக்கென்ன குறை, பெண் கிடைத்துவிட்டாள். ஆனால் இன்றும் "அரை மணியில வந்திருவேன்" என்று செருப்பை மாட்டினால், உள்ளேயிருந்து அவள் கேட்பாள்:

"பங்குனி அரை மணியா, ஆனி அரை மணியா?"