கோழிகளுக்கு மழைக்கோட்டு தைத்த கம்பெனி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பெர்சிதா அம்மாள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டு நிரம்பிவிடும். லிஃப்ட் வேலை செய்யாது. செய்தாலும் யாரும் ஏறப்போவதில்லை. நடந்து ஏறி வருபவர்களுக்குத்தான் கிண்ணம் வாய் திறக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வீடோ ஐந்தாம் மாடியில். மூட்டுவலிக்காரர்கள் ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூச்சு வாங்கி, பக்தியைப் புதுப்பித்துக்கொண்டு ஏறினார்கள்.

தென் செர்பியாவின் அந்த ஊரில் குடித்த காப்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பலன் சொல்கிறவர்கள் தெருவுக்கு இருவர் இருந்தார்கள். அவர்கள் கல்யாணம், காதல், வெளிநாட்டுக்குப் போன மகன் என்று பழைய சரக்கையே விற்றுக்கொண்டிருந்தார்கள். பெர்சிதா அம்மாள் காலமறிந்தவர். அவர் கம்பெனிகளுக்குப் பலன் சொன்னார். அரசு ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, தனியார் கம்பெனிகள் புதிது புதிதாக முளைத்த நாட்கள் அவை. எதில் சேர்ந்தால் பிழைக்கலாம், எது மூழ்கும் என்று தெரியாமல் மனிதர்கள் அலைந்தார்கள். பெர்சிதா அம்மாள் கிண்ணத்தில் படிந்த காப்பி வண்டலைப் பார்த்து, கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்.

ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனியின் பெயரைச் சீட்டில் எழுதிப் புதன்கிழமையே கொடுத்துவிட வேண்டும். அந்தச் சீட்டு மூன்று நாள் காப்பி அரைக்கும் பித்தளை மில்லுக்கு அடியில் கிடக்கும். "கொட்டைக்குப் பேரு பழகணும்ல" என்பார் பெர்சிதா அம்மாள். முக்காலமும் உணர்ந்த சக்திக்கு மூன்று நாள் அவகாசம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காது.

அதே ஊரில் பல்கலைக்கழக நூலகமும் இருந்தது. அதன் முதல் மாடியில் நிறுவனங்களையும் தொழில்களையும் பற்றிய பிரிவுக்குப் பொறுப்பாளர் விதோசாவா. நாட்டிலுள்ள கம்பெனிகளைப் பட்டியலிடும் தொழில் கையேடு, ஆண்டறிக்கைகள், நீதிமன்ற அறிவிப்புகள் வெளியாகும் அரசிதழ் எல்லாம் அங்கே உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆகவே யாரும் வருவதில்லை. 'ஒரு கம்பெனியை ஆராய்வது எப்படி' என்று விதோசாவா மாதாமாதம் வகுப்பு நடத்தினாள். போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர். பண்புள்ள மனிதர், கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

தவறாமல் வருகிற வாசகர் ஒருவரே ஒருவர்தான். பெயர் தோதோர். ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா என்று அட்டையில் இருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து, தொழில் கையேட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போவார். கிழவருக்கு இந்த வயதில் இவ்வளவு அறிவுத் தாகமா என்று விதோசாவா உருகிப்போயிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விதோசாவா தன் அண்ணன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, சுட்ட சிவப்பு மிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துக்கான விழுது அது. எதிரே அண்ணி ரதோய்க்கா. அண்ணன் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தான். தையற்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக உழைக்கும் ரதோய்க்காவின் சம்பளத்தில்தான் வீடு நின்றது.

"விதா, அடுத்த திங்கக்கிழமை வேலைய விடப்போறேன்" என்றாள் ரதோய்க்கா. "பிஸ்த்ரான் செருப்புக் கம்பெனில மேற்பார்வை வேலைக்குக் கூப்பிடுறாங்க. இங்க எழுதிக் குடுத்துட்டு வந்தாத்தான் எடுத்துப்பாங்களாம்."

"யாரு, என்ன, எதுன்னு விசாரிச்சீங்களா அண்ணி?"

"விசாரிக்காமலா? பெர்சிதா அம்மா கிண்ணத்துல புட்டுப் புட்டு வெச்சுட்டாங்க. அறுபத்தெட்டுல ஆரம்பிச்ச கம்பெனி, நானூத்திப் பத்துப் பேரு, ஹங்கேரிக்குச் சரக்கு போகுது. வண்டல்ல செருப்பு தெரிஞ்சுது விதா. ஜோடியா."

விதோசாவாவின் கையில் மிளகாய் பாதி உரித்தபடி நின்றது. அறுபத்தெட்டு, நானூற்றுப் பத்து, ஹங்கேரி. இதே வரிசையில் இதை எங்கோ படித்திருக்கிறாள்.

மறுநாள் நூலகத்தில் பார்த்தபோது தொழில் கையேட்டில் அச்சு அசலாக அப்படியே இருந்தது. ஆனால் கையேடு போன வருடத்தது. பக்கத்து அலமாரியில் இருந்த இந்த வருட அரசிதழைப் புரட்டினாள். மார்ச் மாதம், பிஸ்த்ரான் காலணி நிறுவனம், திவால் நடவடிக்கை தொடக்கம். நகலெடுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினாள்.

ரதோய்க்கா அதை வாங்கிப் படித்தாள். திருப்பியும் கொடுத்தாள்.

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். கிண்ணம் பொய் சொல்லாது."

"இது கோர்ட்டு அறிவிப்பு அண்ணி."

"கோர்ட்டுல பொய் சொல்ல மாட்டாங்களா? நீ எந்த ஊர்ல இருக்க?"

விதோசாவா எழுந்து வந்துவிட்டாள்.

புதன்கிழமை அவள் ஐந்து மாடி ஏறி, 'கிஷோப்ரான்' என்று கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். பிறகு நூலகத்துக்குத் திரும்பி, இருபத்திரண்டு வருட வேலையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். கையேட்டின் எழுத்திலேயே ஒரு தாளை அச்சடித்து, 'இணைப்பு' என்று தலைப்பிட்டு, உரிய பக்கத்தில் செருகினாள். அந்தத் தாளின் நகலை உறையிலிட்டு ஒட்டி, அண்ணியிடம் கொடுத்தாள்.

"பிரிக்காம கைப்பையில வெச்சுக்குங்க. சனிக்கிழமை என்கூட பெர்சிதா அம்மா வீட்டுக்கு வாங்க. அவங்க சொல்லி முடிச்சதும் பிரிங்க. அப்புறமும் வேலைய விடணும்னா விடுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்."

வியாழக்கிழமை தோதோர் வந்தார், தேடினார், இணைப்புத் தாளைக் கண்டார், நகலெடுத்தார். ஆச்சரியப்படுவது அவர் வேலையில்லை. அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் விதோசாவா கண்ணாடியைத் தன் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இணைப்புத் தாளை உருவிக் கிழித்துப் போட்டாள்.

சனிக்கிழமை. முப்பது பேர் அடைந்திருந்த அறை. விதோசாவா காப்பியைக் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பெர்சிதா அம்மாள் அதை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, நெடுமூச்சு விட்டார்.

"கோழி தெரியுது."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"ஒண்ணு ரெண்டில்ல, ஆயிரக்கணக்குல. மழை கொட்டுது. ஆனா ஒரு கோழியும் நனையல." கண்ணை மூடித் திறந்தார். "ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு கோட்டு இருக்கு. எழுபத்தொண்ணுல ஆரம்பிச்சது. அறுநூத்தி நாப்பது தலை."

"கோழித் தலையாம்மா?" என்றார் பின்வரிசையில் ஒரு கிழவர்.

"ஆள் தலைய்யா. சரக்கு வடக்கே போகுது. பனி நாடு. ஐஸ்லாந்துன்னு எழுத்தே விழுந்திருக்கு பாருங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருவருக்கு எழுத்து தெரிந்தது.

"நான் அங்க சேரலாமாம்மா?" என்று கேட்டாள் விதோசாவா.

"கண்ண மூடிக்கிட்டு சேரு."

விதோசாவா திரும்பி அண்ணியைப் பார்த்தாள். ரதோய்க்கா உறையைப் பிரித்தாள். சத்தமாகப் படித்தாள். தொடக்கம் 1971. பணியாளர் 640. உற்பத்தி, முட்டையிடும் கோழிகளுக்கான மழைக்கோட்டு. ஏற்றுமதி, ஐஸ்லாந்து.

பெர்சிதா அம்மாள் அசரவில்லை. "பாத்தீங்களா? பைக்குள்ள இருந்த கடுதாசியக்கூட என் கிண்ணம் படிச்சிருச்சு."

கூட்டம் ஒப்புக்கொண்டது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"படிச்சிருக்கும்மா, சரிதான்" என்றாள் விதோசாவா. "ஆனா அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. ஐஸ்லாந்துக் கோழிக்கு யாரும் கோட்டு தைக்கல. நான்தான் புதன்கிழமை உக்காந்து கதை கட்டி, நூலகத்துக் கையேட்டுல சொருகி வெச்சேன். இல்லாத கம்பெனில என்னைக் கண்ண மூடிக்கிட்டு சேரச் சொல்லுது உங்க கிண்ணம்."

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. அடுத்த சுற்றுக் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் தடுமாறியபடி பெர்சிதா அம்மாளின் கணவர் வந்தார். விதோசாவா அவரை ஒரு கணம் பார்த்தாள். அறிவுத் தாகம் எங்கே தீர்ந்தது என்று இப்போது விளங்கியது. கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"தோதோர் ஐயா, வியாழக்கிழமை வாசிப்பறையில விட்டுட்டுப் போயிட்டீங்க."

"அடடே, ரொம்ப நன்றிம்மா" என்று மாட்டிக்கொண்டார் அவர். மாட்டிய பிறகுதான் அறையில் இருந்த முப்பது முகங்களும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன.

யாரும் கத்தவில்லை. ஒருவர் மெல்ல எழுந்து, தான் காணிக்கையாகக் கொண்டுவந்த பன்றித் தொடைக் கறியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் அவரவர் காணிக்கையை எடுத்துக்கொண்டார்கள். இறங்கும் வழியில் ரதோய்க்கா மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளன்னைக்கு எழுதிக் குடுத்திருப்பேன் விதா. உங்க அண்ணனுக்கு மருந்து யாரு வாங்கியிருப்பா?" என்று கேட்டாள். விதோசாவாவுக்கும் அழுகை வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். விதோசாவாவுக்குத் தலைகால் புரியவில்லை. பின்வரிசைக் கிழவர்தான் முதலில் பேசினார்.

"பெர்சிதா போலிம்மா. நீங்கதான் உண்மையானவங்கன்னு ஊரே சொல்லுது. என் மகன் சேரப்போற கம்பெனிய நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

"நான் சொல்ல மாட்டேன். இந்தாங்க கையேடு, இந்தாங்க அரசிதழ். எந்தத் தேதில போட்டதுன்னு மொதல்ல பாருங்க. ஒண்ணுல இருக்கறத இன்னொண்ணுல சரிபாருங்க. தெரியலேன்னா கேளுங்க, எங்க தேடணும்னு காட்டறேன்."

"அப்ப உங்களுக்கும் சக்தி கிடையாதா?"

"கிடையாது."

கிழவர் முகம் வாடிவிட்டது. அவரும் இன்னும் ஐந்து பேரும், சக்தியுள்ள வேறு யாரையாவது தேடிப் படியிறங்கிப் போனார்கள். மீதி ஐந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக ரதோய்க்கா, வரிக்குக் கீழே விரலை வைத்து, தான் வேலை செய்யும் தையற்கூடத்தைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதன்முறையாகப் படிக்கத் தொடங்கினாள்.

கம்பெனி திவாலானால் அரசிதழில் அறிவிப்பு வரும். மனிதன் தன் புத்தியைப் பூட்டிச் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்தால் எதிலும் அறிவிப்பு வராது. அவனவன்தான் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், தலை இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதா என்று.