பெண் பார்க்க அனுப்பிய போட்டோ

முருகன் துணை

நெருப்பெரிச்சல்,
5.9.1988.

அன்பு மாப்பிள்ளை ரத்தினசாமிக்கு, உன் மச்சான் சென்னியப்பன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதி முடிப்பதற்குள் உன் அக்காள் பொன்னாத்தாள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "ஏனுங்க, என்ற தம்பிக்கே பொய் எழுதறீங்களா?" என்கிறாள். ஆகவே சௌக்கியத்தை அடித்துவிட்டேன். நீயும் மருதாளும் குழந்தையும் கோயமுத்தூரில் நன்றாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவன் வீட்டுக்கு ஒரு போட்டோகிராபரை அனுப்பிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு என்ன குறை வரப்போகிறது?

நம் பெண் அமராவதிக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி உனக்குத் தெரியும். அவிநாசிபாளையத்து ராமாத்தாள் அம்மாளின் மகன் தண்டாயுதபாணி, நாக்பூரில் ரயில்வே உத்தியோகம். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் முதலில் பெண்ணின் போட்டோவை அனுப்புங்கள், பிடித்திருந்தால் மற்றதைப் பேசலாம் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியது. பையனின் போட்டோ முன்பே வந்துவிட்டது. காது இரண்டும் கொஞ்சம் தாராளம். அதை நான் சொன்னபோது உன் அக்காள் மகள், "சொன்னாக் கேக்கற காதுங்கப்பா" என்றாள். இதுவரை வந்த எந்த வரனுக்கும் அவள் வாயைத் திறந்ததில்லை, மாப்பிள்ளை. அந்தப் போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான்பாட்டுக்குத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போயிருப்பேன். பின்னால் அருவி வரைந்த திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நீ விட்டாயா? "ஸ்டுடியோவே கிடையாதுங்க மச்சான், கேமராவத் தோள்ல மாட்டிட்டு நல்ல நாளுக்கு ஊடு தேடி வருவாரு, ஞானசம்பந்தம்னு பேரு" என்று சொல்லி, உன் குழந்தையின் காதுகுத்துப் போட்டோவையும் காட்டினாய். அதில் குழந்தை அழவில்லை. அழுவதற்கு முன்னால் மூச்சை இழுத்து நிற்கிற அந்த நொடி அப்படியே இருந்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அங்கேதான் பிடித்தது எனக்குச் சனி.

ஆள் காலையிலேயே வந்துவிட்டார். வந்தவர் பையைத் திறக்கவில்லை. டீ குடித்தார். வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வாசலில் நான் குரோட்டன்ஸ் தொட்டி எல்லாம் நகர்த்தி, சேர் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பக்கமே திரும்பவில்லை. "எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டால், "வெளிச்சம் இன்னும் முழிக்கலீங்க" என்கிறார். அமராவதி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருக்கிறாள், உன் அக்காள் அவள் தலைக்குக் கறுகறுவென்று மின்னட்டும் என்று தேங்காயெண்ணெயை வஞ்சனை இல்லாமல் தேய்த்திருக்கிறாள், நான் வெளிச்சத்தைப் போய் எழுப்பிக் கூட்டி வருவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் மனிதர் வீட்டைவிட்டு இறங்கி, பக்கத்தில் பனியன் துணி பின்னுகிற நம் நிட்டிங் ஷெட்டுக்குள் நுழைந்தார். போன மழையில் கூரை ஷீட் உடைந்த ஓட்டையை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதன் வழியாக வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சாமி சந்நிதிக்கு வந்தவர் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டார். "இங்கதானுங்க. மெஷினெல்லாம் சித்த நேரம் நிறுத்துங்க" என்றார்.

ஆர்டர் தலைக்குமேல் நிற்கிறது, மெஷினை நிறுத்தவா என்று நான் சண்டைக்குப் போனேன். அமராவதி என்னைப் பார்த்தாள். நிறுத்திவிட்டேன்.

மாப்பிள்ளை, நான் கோபத்தோடுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த நேரத்தை எழுத வந்தால் கோபம் எங்கேயோ போய்விடுகிறது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பகலில் சத்தமில்லாத ஷெட்டில் நான் நின்றதே கிடையாது. கரண்ட் போனால்கூட ஈ.பி. ஆபீசைத் திட்டிக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன். அன்றைக்கு நின்று கேட்டேன். கூரைமேல் காக்கை நடந்துபோவது கேட்டது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ எருமையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "கண்ணு, முந்தானையச் சரி பண்ணிக்க" என்று உன் அக்காள் சொன்னாள். அவள் குரல் இத்தனை மெல்லிசு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மெஷின் போட்ட நாளிலிருந்து நாங்கள் இருவரும் கத்தித்தான் பேசுகிறோம். எங்கள் சண்டைகளில் பாதி அந்தச் சத்தத்தால் வந்ததாக இருக்குமோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நூலிலிருந்து பறந்து காற்றில் சுற்றிக்கொண்டிருந்த பஞ்செல்லாம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அந்த வெயிலுக்குள் கீழே வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கியது. நூல் கோன் பெட்டியின்மேல் அமராவதி உட்கார்ந்திருந்தாள். "கேமராவப் பாக்காதீங்க, கண்ணத் தொறந்துட்டே தூங்குங்க" என்றார் ஞானசம்பந்தம். அவளும் எங்கேயோ பார்த்தாள். நாக்பூர் எந்தத் திசை என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, சரியாக வடக்கே பார்த்து லேசாகச் சிரித்தாள். நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை. மெஷினை ஓட்டுகிற ஆத்தப்பன்கூடப் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கேமராவை மூடிய பிறகும் யாருக்கும் மெஷினை ஓட்ட மனசு வரவில்லை.

கறுப்பு வெள்ளையில்தான் முகம் பேசும் என்று சொல்லி அப்படியே பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினார். வீடே கூடி நின்று பார்த்தோம். உன் அக்காள் அழுதுவிட்டாள். "நம்ம பாப்பா அப்படியே இருக்குதுங்க" என்றான் ஆத்தப்பன். ஷெட்டு ஆட்கள் அத்தனை பேரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னார்கள். நான் அதைக் கவரில் வைத்து, மஞ்சள் தடவி, தரகர் கருப்புசாமியிடம் கொடுத்து அவிநாசிபாளையத்துக்கு அனுப்பினேன்.

கருப்புசாமி திரும்பி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "ஏனுங்க, பொண்ணு போட்டோவக் கேட்டா, பொண்ணோட பெரியம்மா போட்டோவ அனுப்பியிருக்கீங்கன்னு அந்தம்மா கேக்குதுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு பிரிண்ட் இருந்தது. எடுத்து வெளியே வாசலில் வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை, அவள் தலை முழுக்க வெள்ளை! நெற்றிக்குமேல் வெள்ளை, காதோரம் வெள்ளை, புருவம்கூட நரைத்திருக்கிறது. எண்ணெய்த் தலையில் பஞ்சு அப்படியே ஒட்டியிருக்கிறது. ஒருத்தருக்காவது கண்ணில் பட்டதா? படாது. இங்கே காலையில் வேலைக்கு வருகிறவர்கள் மத்தியானத்துக்குள் நரைத்துவிடுவார்கள், சாயங்காலம் குழாயடியில் குளித்தால் இளமை திரும்பிவிடும். ஒருவரை ஒருவர் வெள்ளைத் தலையோடு பார்த்துப் பார்த்து, அது எங்களுக்கு ஒரு நிறமாகவே தெரிவதில்லை. ஆனால் அந்த மனிதர் கோயமுத்தூர்க்காரர்தானே? அவர் கண்ணில் பட்டிருக்கும். பார்த்து, ரசித்து, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நானே விளக்கிச் சொல்லலாம் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவிநாசிபாளையம் போனேன். ராமாத்தாள் அம்மாள் மோர் கொடுத்து மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டது. "அது நரை இல்லீங்க, பஞ்சுங்க. எங்க ஊட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அந்த அம்மாள் என் தலையை மேலும் கீழும் பார்த்து, "இதும் பஞ்சுங்களா?" என்று கேட்டது. நான் என்ன சொல்லட்டும்? "இல்லீங்க, இது நெசமாலுமே நரச்சது" என்றேன். வழக்கு அங்கேயே தோற்றுவிட்டது. வேறு போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இந்தத் தடவ தலைக்குச் சாயம் போட்டு எடுப்பீங்க, திருப்பூர்க்காரங்களுக்குச் சாயம் போடத் தெரியாதுங்களா?" என்று ஒரே கேள்வி. அதோடு நிற்கவில்லை. "அந்தப் போட்டோவ என்ற பையனுக்கே அனுப்பி வெச்சுட்டனுங்க. அவனே பாத்து வேண்டாம்னு சொல்லட்டும்" என்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அமராவதியிடம் இதை எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அமராவதி அழவில்லை. "அப்பா, நா அந்தப் போட்டோவுல நல்லாத்தானுங்களே இருக்கறேன்?" என்று மட்டும் கேட்டாள். ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக எடுக்கலாம் என்று உன் அக்காள் சொன்னதற்கு, "வேண்டாம்னா இதையே பாத்து வேண்டாம்னு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு நூல் கோனை எடுக்கப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகையால் நீ உடனே செய்ய வேண்டியது என்னவென்றால், அந்த ஞானசம்பந்தத்திடம் போய் நெகட்டிவை வாங்கி அடுப்பில் போடு. இனி அவர் கேமராவோடு திருப்பூர் எல்லைக்குள் கால் வைத்தால் நான் மனிதனாக இருக்கமாட்டேன் என்று சொல். நீயே அவிநாசிபாளையம் வந்து, உன் தலையைக் காட்டி, அந்த அம்மாளிடம் சமாதானம் பேசு. உன் தலை இன்னும் கறுப்பாக இருப்பதால் உன் பேச்சு எடுபடும்.

மருதாளை விசாரித்ததாகச் சொல். குழந்தை காது புண் ஆறி, நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று சிவன்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். உனக்கும் சேர்த்துத்தான் வேண்டுகிறேன், கோபம் வேறு, இது வேறு.

இப்படிக்கு,
உன் மேல் வருத்தத்தோடு இருக்கும் மச்சான்,
செ. சென்னியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஆத்தப்பன் ஓடி வந்து, வடக்கே இருந்து நூல் ஏஜென்ட் யாரோ வந்திருப்பதாகச் சொன்னான். போய்ப் பார்த்தால் ஷெட்டுக்குள், ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில் ஒரு பையன் பெட்டியோடு நிற்கிறார். கையில் ஒரு போட்டோ. அதைப் பார்க்கிறார், எதிரில் கோனை மாற்றிக்கொண்டிருந்த அமராவதியைப் பார்க்கிறார், மறுபடி போட்டோவைப் பார்க்கிறார். நான் காதை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். "தம்பி, அது பஞ்சுங்க, நரை இல்லீங்க!" என்று ஓடினேன். மெஷின் சத்தத்தில் அவருக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அவர் பங்குக்கு அவரும் கத்த ஆரம்பித்தார். பாதியில் ஆத்தப்பன் மெஷினை நிறுத்திவிட்டான். அதனால் ஷெட்டே கேட்க, தொண்டை கிழிய அவர் சொன்னது இதுதான்: "நரையா பஞ்சான்னு எனக்குத் தெரியலீங்க மாமா! வயசான அப்பறமும் ஒருத்தர் இப்படிச் சிரிப்பாங்கன்னா, அது வரைக்கும் கூட இருந்து பாக்கோணும்னு தோணுச்சுங்க! லீவு தரமாட்டேன்னாங்க, வந்துட்டேனுங்க!"

உன் அக்காள் மறுபடி அழுகிறாள். ராமாத்தாள் அம்மாளுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. மேலே எழுதியதில் ஒரு வரியையும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். நெகட்டிவைப் பத்திரமாக வைக்கச் சொல். இதைத் தபாலில் போடவில்லை, ஆத்தப்பன் கையில் கொடுத்து பஸ் ஏற்றுகிறேன். கண்டதும் ஞானசம்பந்தத்தைக் கேமராவோடு கூட்டிக்கொண்டு நீயும் புறப்பட்டு வா. இதற்குள் தண்டாயுதபாணியின் தலையிலும் பஞ்சு படிந்துவிட்டது. வயதானால் அவர் எப்படி இருப்பார் என்று தானும் பார்க்க வேண்டும், படம் எடுக்கும் வரை தலையைத் தட்டிவிடக் கூடாது என்று அமராவதி சொல்லிவிட்டாள். அவரும் தட்டாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.